கம்பியில்லா வேலையில் கம்பி இழுப்பவன்

பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி வயர்லெஸ்ல இருக்கீங்கன்னு தரகர் சொன்னாரு. போலீஸ் வயர்லெஸ்ஸா?"

இல்லை, வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வைஃபை போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் பெண் கொடுத்தார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். ஆள் உயரத்துக்குக் கேபிள் பெட்டிகள், பெட்டிக்கு 305 மீட்டர். மூலையில் சாத்திய ஏணி, டிரில்லிங் மெஷின், கட்டுக்கட்டாகக் கேசிங் பட்டை, டால்டா டப்பா நிறைய ஸ்க்ரூவும் பிளக்கும். "வயரே இல்லாத வேலைன்னீங்களே மாப்ள, இங்க வயரத் தவிர வேற ஒண்ணையும் காணோமே" என்றார்.

என் தொழிலைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் இன்றுவரை சொன்னதில்லை.

2006இல் மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பையனாகச் சேர்ந்தேன். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் அதற்கு முந்தைய வருஷம் ஜனவரியில்தான் வந்திருந்தது. டெலிபோன் வயரிலேயே இன்டர்நெட், வேகம் 256 கேபிபிஎஸ். ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பாவை லைனில் மாட்டாமல் விட்டால் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நெட் அறுந்துவிடும். மோடத்துக்குள் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்கள் போட வேண்டும். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அந்த இரண்டையும் இன்றைக்கும் சொல்வேன். கல்யாண நாளைத்தான் மறந்து திட்டு வாங்குகிறேன்.

ஒரு நாள் முதலாளி சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு லிங்க்சிஸ் ரவுட்டர் வாங்கி வந்தார். நீலமும் கறுப்புமாக, பின்பக்கம் இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் அதற்குக் கிட்டத்தட்ட சாமி மரியாதை. அதைப் பொருத்த ஓர் ஆடிட்டர் ஆபீசுக்கு என்னை அனுப்பினார்கள். ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள், சுவர் தெரியாத அளவுக்கு இரும்பு ராக்குகள், அதில் கூரை வரை ஃபைல்கள். மோடம் முதல் அறையில் ஆடிட்டர் மேஜையில் இருந்தது. பக்கத்திலேயே ரவுட்டரை வைத்து, லேப்டாப்பில் கூகுள் வருவதைக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் போன். மூன்றாம் அறையில் வரவில்லை. போய் ஆன்டெனாவைத் திருப்பினேன். அடுத்த நாளும் போன். இப்படி நாலு முறை நடந்தேன். ஜூலை மாதம் வேறு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெருக்கடி. நாலாம் முறை ஆடிட்டர் என்னை 'தம்பி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அதே கட்டடத்தில் ஃபேன் மாட்ட வந்திருந்த வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, அந்தப் பொட்டிய நடு ரூம்ல வச்சா என்ன?" என்றார்.

"அங்க லைன் இல்லண்ணே."

"இழுத்தா வருது."

அவ்வளவுதான். அவருடைய மெஷினை வாங்கி ஓட்டை போட்டு, சுவரோரமாகப் பட்டை அடித்து, 11 மீட்டர் கேபிள் இழுத்து, நடு அறையில் ராக்குக்கு மேலே ரவுட்டரை ஏற்றினோம். மூன்று அறையிலும் கிடைத்தது. சுவரில் காடி எடுப்பதையும், பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு வயர் இழுப்பதையும், ஓட்டையை வெளியிலிருந்து உள்ளே போடாமல் உள்ளேயிருந்து வெளியே கொஞ்சம் சரிவாகப் போட்டால் மழைத்தண்ணீர் வராது என்பதையும் அடுத்த ஆறு மாதத்தில் அவரிடம்தான் கற்றேன். கம்ப்யூட்டர் படித்து வாங்கிய சான்றிதழை யாரும் இதுவரை கேட்கவில்லை.

இந்தத் தொழிலில் எதிரி சுவர். வைஃபை ரவுட்டர் வெளியே விடும் சக்தி சுமார் 100 மில்லிவாட். நாற்பது வாட் பல்பில் நானூறில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு செங்கல்லையும் கான்கிரீட்டையும் துளைக்க வேண்டும். ரவுட்டர் பெட்டியில் '2000 சதுர அடிக்குப் போதும்' என்று அச்சடித்திருப்பான். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டும் வெளிநாட்டு வீட்டுக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இளைத்துப்போகும். 5 கிகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் செத்தே போகும். மாடி ஸ்லாப்புக்குள் கட்டிய கம்பி வலை இருக்கிறதே, அது ஒரு சுவருக்கு மேலேயே சாப்பிடும். என் போனில் சிக்னல் அளக்கும் ஆப் இருக்கிறது. எண்கள் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் ராஜா. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். 80ஐத் தொட்டால் போனில் வைஃபை சின்னம் மட்டும் அழகாகத் தெரியும், காரியம் நடக்காது. மூன்று எண் இறங்கினால் சக்தி பாதியாகும், பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்காகும். 'ஒரு புள்ளிதானே கம்மியா இருக்கு' என்று சின்னத்தைப் பார்த்துச் சொல்பவர்களிடம் இதை விளக்கி எனக்குச் சலித்துவிட்டது.

சுவரையாவது மன்னிக்கலாம். பெட்டியை மக்கள் ஒளித்து வைக்கும் இடங்கள் இருக்கின்றனவே! டிவி ஷோகேஸுக்குப் பின்னால், மீன் தொட்டிக்குக் கீழே, பரணில் அண்டா குண்டாக்களுக்கு நடுவில், கண்ணாடி பதித்த இரும்பு பீரோவின் தலையில் சுவரை ஒட்டி. தண்ணீர் இந்த அலையைக் குடிக்கும், இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் திருப்பி அடிக்கும். கே.கே.நகரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில் சிக்னல் வரவில்லை என்று போனேன். ரவுட்டர் எங்கே சார் என்றால், இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். பேரன்கள் நோண்டிவிடுவார்கள் என்று இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். வயருக்காக அலமாரியின் முதுகில் ஓட்டை வேறு. "பாதுகாப்பா இருக்கட்டும்னுதான்" என்றார். அலமாரிக் கதவைத் திறந்ததுமே ஹாலில் நெட் வந்துவிட்டது. அன்றைக்கு அவரிடம் காசு வாங்க மனம் வரவில்லை. காபி குடித்துவிட்டு வந்தேன்.

சிக்னல் இல்லை என்றதும் பலர் போய் வாங்குவது 'அஞ்சு கொம்பு' ரவுட்டர். கொம்பு கூடினால் வலிமை கூடும் என்பது எருமைக்குப் பொருந்தும். கோயில் கொடை ஸ்பீக்கர் ரெண்டு தெரு தள்ளிக் கேட்கும். உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் போடும் சத்தம் கோயிலுக்குக் கேட்குமா? ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், பதில் சொல்ல வேண்டியது கையில் இருக்கும் போன். பேட்டரியை மிச்சப்படுத்த அது மெல்லத்தான் பேசும். அதனால்தான் நாலு கோடு நிறைந்த சின்னத்தோடு வாட்ஸப்பில் கடிகாரம் சுற்றிக்கொண்டிருக்கும். ரிப்பீட்டர் என்று 1200 ரூபாய்க்கு விற்கிறார்களே, அது இன்னொரு சமாதானம். ரவுட்டர் சொன்னதைக் காதில் வாங்கி, அதே ரேடியோவில் திரும்பச் சொல்லும். கேட்கிற நேரத்தில் சொல்ல முடியாது, சொல்கிற நேரத்தில் கேட்க முடியாது. வேகம் பாதி அங்கேயே போய்விடும். நான் ரிப்பீட்டர் விற்பதில்லை. இரண்டாவது பெட்டி வேண்டுமென்றால் அதற்கும் கேபிள் இழுப்பேன்.

அடுக்குமாடிகளில் வேறு தொல்லை. ஒரு பிளாட்டின் ஹாலில் நின்று ஆப்பைத் திறந்தால் முப்பது பேருடைய வைஃபை தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். யாரோ வீடியோவில் பார்த்துவிட்டு, 'மூணாம் நம்பர்ல ஆளே இல்ல' என்று அங்கே போய் உட்காருவார். ஒன்றாம் சேனல்காரனும் ஆறாம் சேனல்காரனும் இரண்டு பக்கமும் இடிப்பார்கள். பேசாமல் ஒன்றிலோ ஆறிலோ வரிசையில் நிற்பது மேல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வரிசையில் நிற்பவன் தன் முறை வந்தால் பேசிவிடுவான்.

கேபிள் என்று இவ்வளவு பேசுகிறேனே, அந்தக் கேபிளில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸ். கூரையில் வைஃபை பரப்பும் நாலு ஆக்சஸ் பாயின்ட். கரண்டும் டேட்டாவும் ஒரே கேபிளில் போகும் பிஓஇ முறை. பெட்டிக்குப் பாதி விலையில் கேபிள் கிடைத்தது என்று வாங்கி இழுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சோதித்தபோது பிரமாதம். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு, கடைசியில் 60 மீட்டர் தள்ளி மாட்டிய ஆக்சஸ் பாயின்ட் அணைந்து எரிகிறது. நான் போய்ப் பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரம், ஒழுங்காக இருக்கிறது. மூன்று மணிக்கு மறுபடி அணைகிறது. ஆக்சஸ் பாயின்ட்டை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், மூன்று நாள் தூக்கம் போனது. நாலாம் நாள் ஏதோ தோன்றி, மிச்சமிருந்த கேபிள் துண்டை எடுத்துக் கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்.

அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஆள் இல்லாதபோது ஆக்சஸ் பாயின்ட் குறைவாகக் கரண்ட் எடுக்கும், பிழைத்துக்கொள்ளும். நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்ததும் அதிகம் இழுக்கும். அறுபது மீட்டர் அலுமினியத்தில் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். மொத்தக் கேபிளையும் பிடுங்கி, சுத்தச் செம்பில் என் கைக்காசில் மறுபடி இழுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் பெட்டியைப் பிரித்துச் சுரண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கடைக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் வாரம் ரவுட்டரைத் தொடக் கொடுக்க மாட்டேன். ஜாக் அடிக்கச் சொல்வேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எட்டு இழையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தட்டையாக நீவி, நுனியை ஒரே வெட்டாக வெட்டி, ஆர்ஜே-45க்குள் தள்ளும்போது எட்டும் எதிர்ச்சுவரைத் தொட்டதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அந்த முறுக்குதான் வெளி இரைச்சலைத் தடுக்கிறது. வெளியுறையும் ஜாக்குக்குள் போய்க் கடிபட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் யாரோ பெருக்கும்போது இழுத்துக் கழற்றிவிடுவார்கள். ஐம்பது ஜாக் வீணான பிறகுதான் கை படியும். பொறுமையில்லாதவன் மூன்றாம் நாளே கம்பி நீட்டிவிடுவான். நின்றவன் தொழில்காரனாவான்.

பெருக்குவது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒரு பள்ளி நிர்வாக அலுவலகம். அட்மிஷன் நேரம், காலை பத்தரைக்கு மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. வைஃபையும் இல்லை, வயரும் இல்லை, பிரின்டர்கூட இல்லை. ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தால் இருபத்து நாலு விளக்குகளும் சீரியல் செட் மாதிரி ஒரே தாளத்தில் வெறிபிடித்து மின்னுகின்றன. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் அரை நிமிஷம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடி ஆட்டம். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்து, சாயங்காலம் நாலு மணிக்குக் கண்டுபிடித்தேன். ஒரு மேஜைக்கடியில் சின்ன ஸ்விட்ச். அதிலிருந்து கிளம்பிய கேபிள் ஒன்று சுற்றிவந்து அதிலேயே சொருகியிருந்தது. யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸைத் துப்புரவு செய்யும் அக்கா பயந்துகொண்டே வந்தார். "சும்மா தரையில தொங்கிக்கெடந்துச்சு தம்பி. தண்ணி பட்டுருமேன்னு பக்கத்துல இருந்த ஓட்டையில சொருகி வச்சேன்."

ஒரு கணினி எல்லோருக்கும் என்று அனுப்பும் சின்னத் தகவல், அந்த வளையத்துக்குள் போனால் வெளியே வர வழியில்லாமல் பெருகிக்கொண்டே இருக்கும். சில நொடியில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அந்த அக்காவை யாராவது திட்டிவிடப் போகிறார்கள் என்று, "தப்பு என்மேலதான், சும்மா கிடக்கும் கேபிளை நான்தான் எடுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்யும் இல்லை. நான் போட்டுவிட்டு மறந்த கேபிள்தான் அது. வளையத்தைத் தானே கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஸ்விட்சுகள் உண்டு. விலை பார்த்து மலிவானதை மாட்டியவனும் நானே.

எல்லாவற்றையும்விட மறக்க முடியாதது 2018இல் காரைக்குடிப் பக்கம் செய்த ஒரு கல்யாண வீடு. நகரத்தார் வீடு. தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பேரனுக்குக் கல்யாணம், சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற சொந்தங்கள் நேரலையில் பார்க்க வேண்டும், வீட்டுக்குள் வருபவர்களுக்கும் வைஃபை வேண்டும் என்றார்கள். பையைத் திறந்து டிரில்லிங் மெஷினை எடுத்ததும் ஆச்சி ஓடிவந்தார். எண்பதைத் தாண்டியவர். சுவரைத் தடவிக் காட்டினார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர், கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. "இதுல ஆணி அடிக்க எங்க மாமியாரு விட்டதில்ல, நானும் விட்டதில்ல. நீ ஓட்டை போடுவியா?"

மெஷினைப் பைக்குள் வைத்தேன். வெளியே எடுத்த டிரில்லிங் மெஷின் வேலை செய்யாமலே பைக்குள் திரும்பிய ஒரே நாள் அது.

சுவரின் கனம் என் முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். எந்த ரவுட்டரும் அதைத் தாண்டாது. மதியம் வரை சும்மா சுற்றி வந்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த வீட்டைக் கட்டியவர்கள் எனக்கான வழியை விட்டுவைத்திருக்கிறார்கள். எல்லா அறைகளின் வாசலும் வளவைப் பார்த்தே திறக்கின்றன. நடுவில் வானம் தெரியும் முற்றம். காற்றும் வெளிச்சமும் போகிற வழியில் இதுவும் போகும். முற்றத்துத் தூண்களில் இரண்டை எதிரும் புதிருமாகத் தேர்ந்தெடுத்து, ஆணி இல்லாமல் துணிப்பட்டையால் கட்டி, ஆளுக்கொரு ஆக்சஸ் பாயின்ட் வைத்தேன். கேபிளை எங்கே விடுவது? அந்தக் காலத்தில் வீட்டுக்கு முதன்முதலாகக் கரண்ட் கொண்டுவந்தவர்கள் தேக்கு உத்தரத்தின் ஓரமாக அடித்த மரப்பட்டை அப்படியே இருந்தது. பழைய வயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள், பட்டை காலி. அதன் மேலே கேபிளைப் படுக்க வைத்து முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை கொண்டுபோனேன். கீழே நின்று பார்த்தால் தெரியாது. அறைக்கதவுகள் திறந்திருந்தால் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கும் மைனஸ் 60. கதவைச் சாத்தினால் பர்மா தேக்கு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் யார் கதவைச் சாத்தப்போகிறார்கள்?

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் ஒரு சின்ன இடத்தில் கோட்டை விட்டேன். வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கும். என் ரவுட்டரில் 100 முதல் 199 வரை என்று இருந்ததை மாற்றாமல் விட்டுவிட்டேன். நூறு எண்கள்தான். ஒரு முறை கொடுத்தால் 24 மணி நேரம் அந்தப் போனுக்கே சொந்தம், அது பலகாரம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போயிருந்தாலும். முதல் நாள் மாலையிலிருந்து வந்து போனவர்களே நூறு எண்களையும் எடுத்துவிட்டார்கள். தாலி கட்டும் திருப்பூட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நேரலை எடுக்கும் வீடியோக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். எண் கிடைக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் சிங்கப்பூரிலிருந்து போன் மேல் போன். எனக்கு வேர்த்து ஊற்றியது. பையிலிருந்து பதினைந்து மீட்டர் கேபிளை எடுத்து, ஜமுக்காளத்துக்கு அடியில் விட்டு, அவருடைய லேப்டாப்பில் நேராகச் சொருகி, 20 என்ற எண்ணைக் கையால் போட்டேன். படம் போனது. அதற்கப்புறம் நிதானமாக ரவுட்டருக்குள் போய், எண் வரிசையைப் பெரிதாக்கி, ஒரு மணி நேரத்தில் எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி மாற்றினேன். ஆச்சிக்கு இது எதுவும் தெரியாது. கிளம்பும்போது சுவரை மட்டும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் கொடுத்தார்.

பாஸ்வேர்ட் பற்றியும் கொஞ்சம். ஆரம்பத்தில் வெப் (WEP) என்ற பூட்டைத்தான் போடுவோம். அதற்கு 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை உள்ள எழுத்துகளில் பத்து வேண்டும். செல்போன் நம்பரும் பத்து இலக்கம். பிறகென்ன, எல்லாருக்கும் அவரவர் நம்பர்தான் பாஸ்வேர்ட். அந்தப் பூட்டை 2001லேயே உடைத்துவிட்டார்கள் என்பது எங்களுக்கு 2006இல் தெரியாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் போன மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போனது என்று செய்தி வந்ததும் நிலைமை மாறியது. அந்த வாரம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை, எல்லோருக்கும் பூட்டு வேண்டும். அடுத்த ஆண்டு அரசும் வைஃபையைப் பூட்டிவைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. இன்றைக்கும் ஊரில் பாதி வீட்டின் பாஸ்வேர்ட் பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும்தான். எனக்குத் தெரியும். தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் தொழிலில் சேர்த்தி. பக்கத்து வீட்டு பாஸ்வேர்டைக் கேட்டு 500 ரூபாய் நீட்டியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போனதில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது வீட்டை விட்டு வெளியே போக முடியாது, போனோ நிற்கவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த ஐடி பிள்ளைகள் எல்லாம் மதுரைக்கு வந்து மாடி அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் வைஃபை என்பது சாயங்காலம் யூடியூப் பார்ப்பதற்கு. இப்போது அதில்தான் சம்பளம். பள்ளிப் பிள்ளைகள் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் ஆன்லைன் வகுப்பு. போனிலேயே வைத்தியம் பார்த்தேன். "ஐயா, பொட்டியில செவப்பு லைட் எரியுதா, பச்சையா?" "செவப்புதான் தம்பி, ஆனா கொஞ்சம் ஆரஞ்சு மாதிரியும் இருக்கு." வில்லாபுரத்தில் ஒரு பெரியவர், மகனுக்காக நான் சொல்லச் சொல்ல ரவுட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறினார். வயர் நீண்ட இடத்தில், ஒன்பதாம் படியில் நிற்கச் சொன்னேன். அங்கேயே ஒரு மணையைப் போட்டு வைத்துவிட்டார். ஊரடங்கு தளர்ந்து நான் போனபோதும் அது ஒன்பதாம் படியில்தான் இருந்தது. சோதித்துப் பார்த்தேன், அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை. கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை அடித்து ஏற்றியதோடு சரி.

இப்போது ஃபைபர் வந்துவிட்டது. ரவுட்டரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். லைன் போட வரும் பையன் வாசலில் ஃபைபர் எங்கே நுழைகிறதோ அங்கேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, பெட்டியை அறைந்துவிட்டுப் போகிறான். சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது, மீதி வீட்டுக்குள் தவழ்கிறது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாளில் ஏழெட்டு வீடு முடித்தால்தான் அவனுக்குக் கட்டும். 300 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டிவிட்டுப் படுக்கையறையில் 8 வருகிறது என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். புது வீடு, போன மாதம்தான் பால் காய்ச்சியிருப்பார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு லட்சக்கணக்கில் செலவு செய்திருப்பார்கள். ஓட்டை போட வேண்டும் என்று சொன்னால் வீட்டம்மா என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அந்த ஆச்சியின் பார்வைதான்.

ஆகவே, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தளத்திலும் ஹாலின் கூரையில், ஃபேன் கொக்கிக்கு இரண்டடி தள்ளி ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். அங்கிருந்து டிவி சுவருக்கோ மீட்டர் பக்கமோ, எங்கே இன்டர்நெட் லைன் வருமோ அங்கே, ஒரு இஞ்ச் பிவிசி பைப் தனியாக ஓடட்டும். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்க வேண்டாம். உள்ளே கேட்-6 கேபிள், சுரண்டிப் பார்த்து வாங்கியது; மிஞ்சினால் தளத்துக்கு இரண்டாயிரம் ரூபாய். ஸ்லாப்புக்குக் கம்பி கட்டுகிற அன்றைக்கே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள். கான்கிரீட் போட்டபிறகு கூப்பிட்டால் நான் டிரில்லிங் மெஷினோடுதான் வருவேன்.